எலிக் கருவில் ஊதாக் கறை: மரபணுவின் வேலையை அது சொல்லுமா?

சாட்ஸ்வொர்த் வாத்தியார்
சென்ற சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு 10.5 நாள் எலிக் கருவின் படம் ஒன்றைக் காட்டினேன். பின்கால் மொட்டில், சுண்டுவிரல் வரப்போகும் ஓரத்தில் மட்டும் ஊதாக் கறை. சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு விழித்திருக்கும் இடம் அது. எலி சுமார் 20 நாளில் குட்டி போட்டுவிடும். அதற்குள் கருவின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் எந்தப் புரதம் எந்த நாளில் எங்கே தோன்றுகிறது என்று தெரிந்துவிட்டால் அதன் வேலையும் தெரிந்துவிடும் என்றேன். வகுப்புக்கு உதவ வரும் மெரிபேங்க் மாணவி, பிள்ளைகள் முன்னிலையிலேயே "அப்படிச் சொல்லாதீர்கள்" என்றார். நீண்ட காலம் உயிரியல் நடத்தியவன் நான். காரணத்தை இங்கே எழுதட்டும்.

மெரிபேங்க் மாணவி
ஐயா, பிள்ளைகள் முன் குறுக்கிட்டது என் தவறு. சொன்ன கருத்தில் நிற்கிறேன்.

அந்தக் கறையை என் கையால் பலமுறை ஏற்றியிருக்கிறேன். கரு நொய்யரிசி அளவுதான் இருக்கும். நாம் தேடும் ஆர்.என்.ஏவோடு (மரபணுவிலிருந்து எழுதப்படும் நகல்) மட்டும் ஒட்டும் இழையில் அதை ஊறவிட்டு, ஒட்டாததைக் கழுவி, அந்த இழையைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி சேர்த்து, கடைசியில் சாயக் கரைசலில் போட்டு வெளிச்சம் படாமல் பொதிந்து வைப்போம். அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும். ஊதா மெல்ல ஏறும்; எங்கே நிறுத்துவது என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது. ஒருமுறை பின்மூளை முழுவதும் கறுத்து வந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று துள்ளினேன். மூளைக் குழிக்குள் இழை தேங்கி நின்றிருக்கிறது! அடுத்த முறை அங்கே ஊசியால் துளையிட்டுச் செய்தேன். கறை வரவே இல்லை.

ஒழுங்காக ஏறிய கறையும் தூது ஆர்.என்.ஏவைத்தான், அதாவது புரதம் செய்யச் சேதி கொண்டுபோகும் அந்த நகலைத்தான் காட்டுகிறது. புரதம் அதில் தெரியாது. நம் தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனில் பிறந்த சிட்னி பிரென்னர், 1961இல் தூது ஆர்.என்.ஏ உண்டென்று மெய்ப்பித்தவர்களில் ஒருவர். ஓலை எழுதியாயிற்று என்பதற்காகச் சேதி போய்ச் சேர்ந்ததாகிவிடுமா? ஆர்பிஎல்38 என்ற, ரைபோசோமின் (செல்லில் புரதம் செய்யும் எந்திரம்) புரதம் குறைந்த எலிகளைப் பற்றி 2011இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில், உடலின் எந்தப் பகுதி எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்களின் கறை வழக்கமான இடங்களிலேயே இருக்கிறது. ஆனால் சில ஹாக்ஸ் புரதங்கள் போதிய அளவு உருவாவதில்லை. முதுகெலும்பின் அமைப்பே மாறிவிடுகிறது.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்
ஒரு விலக்கைக் காட்டி விதியை உடைக்கிறாய் அம்மா. பாக்ஸ்6 மரபணுவை எடுத்துக்கொள். கண்ணும் மூக்கும் உருவாகப்போகும் இடங்களில் கறை. அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டால் எலிக்குச் சிறிய கண்; இரண்டும் கெட்டால் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, பிறந்தவுடன் இறந்துவிடுகிறது. மனிதரில் ஒரு பிரதி கெட்டாலே கருவிழித்திரை இல்லாமல் போகிறது. படம் பொய் சொல்லவில்லையே?

லெனேசியாவிலிருந்து
வாத்தியார் அண்ணா, மையோடி என்ற மரபணு நினைவிருக்கிறதா? தசையாகப்போகும் செல்களில் தோன்றும். வேறு வகைச் செல்லுக்குள் செலுத்தினாலும் அதைத் தசையாக்கிவிடும். இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. 1992இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு என்ன ஆயிற்று? இயல்பான தசையோடு பிறந்து வளர்ந்தன! மிஃப்5 என்ற உடன்பிறப்பு மரபணு அந்த வேலையைச் சுமந்துகொண்டது.

மெரிபேங்க் மாணவி
இதைத்தான் சொல்ல வந்தேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்
அவசரப்பட வேண்டாம் தங்கையே. எதிர்ப்பக்கத்துக்கும் வலுவான சான்று இருக்கிறது. எங்ரெய்ல்ட்1, எங்ரெய்ல்ட்2 என்ற மரபணுக்கள் இரண்டும் நடுமூளையும் பின்மூளையும் சேரும் இடத்தில் தோன்றுபவை. முதலாவது கொஞ்சம் முன்னதாகவே விழித்துவிடும். முதலாவதை நீக்கினால் நடுமூளையிலும் சிறுமூளையிலும் பெரும்பகுதி காணாமல் போகிறது. இரண்டாவதை நீக்கினால் சிறு குறைதான். புரதங்களின் திறமையில் வேறுபாடு என்றுதான் எவரும் நினைப்பார்கள். 1995இல் இரண்டாவதன் வரிசையை முதலாவதன் இடத்தில் பதித்தார்கள். மூளை பிழைத்துக்கொண்டது! ஆக, அந்த இரு புரதங்களையும் பிரித்தது தோன்றும் நேரமும் இடமும்தான். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்தக் கறைப் படங்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

மெரிபேங்க் மாணவி
அண்ணா, அழகான சோதனை, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கறையைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் அது தெரிந்திருக்குமா? மரபணுவை இடம் மாற்றிப் பார்த்த பிறகுதானே தெரிந்தது. 1998இல் அதே இடத்தில் பழ ஈயின் எங்ரெய்ல்டைப் பதித்தார்கள். முதலாவது இல்லாததால் கெட்டிருந்த மூளை தேறியது, அதே குறையால் கெட்ட கால்கள் தேறவில்லை. அதே இடம், அதே நேரம் கொடுத்தும் கால்களுக்கு அந்தப் புரதம் போதவில்லை.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்
ஈயைப் பற்றிய செய்தி எனக்குப் புதிது. "வேலை தெரிந்துவிடும்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். "எங்கே தேட வேண்டும் என்று தெரியும்" என்று பிள்ளைகளிடம் திருத்திச் சொல்கிறேன். கறைப் படத்தைத்தான் முதலில் காட்டுவேன், அதில் மாற்றமில்லை. அதன் பக்கத்தில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் இல்லாத எலியின் பின்கால் எலும்புப் படத்தையும் வைக்கிறேன். அதில் ஒரே ஒரு விரல்தான் இருக்கும். அந்த ஊசித் துளைக் கதையை நீயே வந்து பிள்ளைகளுக்குச் சொல், அம்மா. வகுப்பு 9 மணிக்கு.