டெபிட் காட்டில விசா எண்டு போட்டிருந்தா அது கிரெடிட் காட்டோ?

கொக்குவிலான்:
வங்கி தந்த காட்டில விசா அடையாளமும் இருக்கு, பக்கத்தில டெபிட் எண்டும் இருக்கு. ஒன்லைனில சாமான் வாங்கப் போனா "கிரெடிட் காட்" எண்ட இடத்திலதான் இலக்கம் கேக்குது. அதில போட்டா கடனாப் பதிஞ்சு வட்டி வருமோ? கணக்கில காசு இருந்தும் கடை மெஷினில சிலவேளை மறுக்குதே, ஏன்? கொழும்பில ஹொட்டலுக்கும் இதையே குடுக்கலாமோ?

வடமராட்சி:
வட்டி வராது, பயப்பிடாதேங்கோ. விசாவோ மாஸ்ரர்காட்டோ ஆருக்கும் கடன் குடுக்கிறதில்லை. கடைக்காரரின்ர வங்கிக்கும் உங்கட வங்கிக்கும் இடையில தகவல் கொண்டுபோற வலையமைப்புத்தான் அவை. கடனோ சொந்தக் காசோ எண்டது உங்கட வங்கியின்ர கையில.

காட் இலக்கம் 4இல தொடங்கினா விசா. 51 முதல் 55 வரை, அல்லது 2221 முதல் 2720 வரை எண்டா மாஸ்ரர்காட். முதல் 6 இலக்கம், புது முறையில 8, எந்த வங்கி, எந்த வகைக் காட் எண்டதைச் சொல்லிப்போடும். அதால "கிரெடிட்" பெட்டியில போட்டாலும் காசு உங்கட சேமிப்புக் கணக்கிலதான் கழியும்.

ஆனா உடன கழியாது. மெஷினில காட்டை வைச்சதும் கேள்வி உங்கட வங்கிக்குப் போகும். வங்கி மீதியைப் பாத்து அனுமதி குடுத்து, அந்தத் தொகையைப் பிடிச்சு வைக்கும். கடை கணக்கு முடிச்சு அனுப்பின பிறகுதான் காசு உண்மையாப் போகும். ஆப்பில மொத்த இருப்பு ஒண்டு, எடுக்கக்கூடிய தொகை வேற ஒண்டு எண்டு காட்டுறது இதாலதான்.

பண்ணைக்காற்று:
ஹொட்டல்தான் கவனிக்க வேண்டிய இடம். அறை 60,000 ரூபா, மேலதிகச் செலவுக்கெண்டு வைப்புப் பணம் 15,000 எண்டு வைப்பம். உள்ளுக்குப் போகேக்கையே 75,000ஐப் பிடிச்சு வைப்பினம். கிரெடிட் காட் எண்டா வங்கி தந்த கடன் எல்லைதான் குறையும். டெபிட்டில உங்கட சொந்தக் காசு முடங்கும்.

வெளிக்கிடேக்கை வரவேற்பில இருக்கிறவர் பழைய அனுமதியை முடிக்காமல் புதுசா 60,000க்கு அடிச்சா, ரெண்டும் சேந்து 1,35,000 முடங்கும். பழையது தானா விடுபடச் சில நாள், சிலவேளை ஒரு கிழமைக்கு மேலயும் எடுக்கும். அதால "முதல் எடுத்த அனுமதியிலயே முடியுங்கோ" எண்டு சொல்லுங்கோ. மெஷின் தாற துண்டை எறியாதேங்கோ. அதில இருக்கிற அனுமதி இலக்கத்தைச் சொன்னா வங்கிக்கு அந்தப் பதிவைத் தேடிப் பிடிக்கச் சுகம்.

மறுக்கிறதுக்கு வருவம். துண்டில ரெண்டு இலக்கக் குறியீடு இருந்தா அதைப் பாருங்கோ. 51 எண்டா மீதி காணாது, 54 காலாவதி, 61 எல்லை தாண்டினது, 91 எண்டா உங்கட வங்கியின்ர பக்கம் பதில் இல்லை, கொஞ்சத்தால திரும்ப முயற்சிக்கலாம். 05 மட்டும் காரணம் சொல்லாது, வங்கியைத்தான் கேக்க வேணும். ஒன்லைனில பெரும்பாலும் வாற தொல்லை, வங்கியில பழைய ஃபோன் இலக்கம் பதிஞ்சிருக்க, ஓ.ரி.பி. எண்ட ஒருதடவை இரகசிய இலக்கம் அங்க போறது.

நல்லூரடி:
திருவிழாவுக்கு வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரருக்கும் இதைச் சொல்லுங்கோ. கனடா வங்கிக் காட்டில இன்ரராக் எண்ட அந்த நாட்டுக் காட் வலையமைப்பின்ர அடையாளம் மட்டும் இருந்தா இஞ்ச கடையில வேலை செய்யாது. விசா டெபிட் அல்லது மாஸ்ரர்காட் டெபிட் எண்டும் இருக்க வேணும். அதே காட் கனடாக் கடையில இன்ரராக் வழியாப் போகும், நாட்டுக்கு வெளியில விசா வழியாப் போகும். ஏ.ரி.எம்.க்கு மட்டும் எண்டா பின்பக்கத்தில பிளஸ் (விசாவின்ர ஏ.ரி.எம். வலையமைப்பு) அல்லது சிரஸ் (மாஸ்ரர்காட்டின்ரது) இருக்கோ எண்டு பாக்கவேணும்.

மெஷின் "டொலரிலயோ ரூபாவிலயோ" எண்டு கேட்டா ரூபா எண்டே அமத்தச் சொல்லுங்கோ. டொலரை அமத்தினா மாற்று விகிதத்தைக் கடை மெஷின் பக்கமே போடும், அது அநேகமா நட்டம்.

வடமராட்சி:
இன்னொண்டு. இலக்கம் களவு போனா கிரெடிட்டில வங்கியின்ர காசு, டெபிட்டில உங்கட காசு. முறையிட்டுத் திருப்பி எடுக்க டெபிட்டுக்கும் வழி இருக்கு, அநேகமான வகைகளுக்கு 120 நாள் எல்லை. ஆனா விசாரணை முடியுமட்டும் கணக்கு வெறுமையா இருக்கலாம். சம்பளக் கணக்கின்ர காட்டை ஒன்லைனுக்குப் பாவியாதேங்கோ. வேற கணக்குத் திறந்து, தேவையான அளவு மட்டும் மாத்தி வைச்சுப் பாவியுங்கோ.

கொக்குவிலான்:
நன்றி அண்ணை. கடைத் துண்டில 57 எண்டு இருக்கு, அது?

பண்ணைக்காற்று:
அந்த வகைப் பாவனைக்கு உங்கட காட்டுக்கு அனுமதி இல்லை எண்டு அர்த்தம். காசுப் பிரச்சினை இல்லை. ஆப்பில காட் அமைப்புக்குள்ள போய்க் கடை, ஒன்லைன், வெளிநாடு, தொடாமல் செலுத்துறது எண்டு தனித்தனியா இருக்கிறதில எது நிப்பாட்டிக் கிடக்கெண்டு பாருங்கோ. ஆப் இல்லாட்டி அடையாள அட்டையோட கிளைக்குப் போனாச் செய்து தருவினம்.