சிஆர்பி கூடினால் சர்க்கரை வருமா?

வணக்கம். அக்காவுக்கு எச்எஸ்-சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 4.2, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 5.9. சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. வயிறு போட்டிருக்கிறது, பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. ஈறு வீக்கமும் சிஆர்பியை ஏற்றுமா?

வயிற்றுக் கொழுப்பிலிருந்து வரும் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் கல்லீரலைத் தூண்டி சிஆர்பியைக் கூட்டுகிறது, இந்த அழற்சி இன்சுலின் வேலையையும் கெடுக்கிறது என்று படித்தேன். 2001-இல் அமெரிக்கப் பெண்களை வைத்து வெளியான ஆய்வில், ஐஎல்-6, சிஆர்பி இரண்டும் கூடியிருந்தவர்களுக்குப் பின்னாளில் டைப் 2 நீரிழிவு அதிகம் வந்திருக்கிறது. ஆனால் மரபணு ஆய்வுகளைப் பார்த்தால் சிஆர்பியே காரணம் என்று தெரியவில்லை. சரி, அப்போ எதைக் கவனிப்பது, எச்பிஏ1சியை மட்டுமா?

மறுபரிசோதனை எப்போது எடுக்கலாம்? எடை குறைத்து சிஆர்பி இறங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சப்ளிமென்ட் விளம்பரம் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.