கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட நிபுணர்: உங்களுக்கு நடந்தது உண்டா?

அம்பைக்காரன்:
பித்தப்பைக் கல்லுக்காக அம்மாவுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி வயிறு உப்பிவிட்டது. “வாயுதான், நல்லா நடங்கம்மா” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகுதான் பித்தக்குழாய் வெட்டுப்பட்டிருப்பது தெரிந்தது. மறுபடியும் ஆபரேஷன், நாற்பது நாள் படுக்கை.

ஆபரேஷனில் கை தவறலாம், அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். நுகர்வோர் ஆணையத்தில் நாங்கள் போட்ட கேஸில், ஆபரேஷன் செய்த டாக்டருக்காக நிபுணர் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தாரே இன்னொரு டாக்டர், அவரைத்தான் பொறுக்க முடியவில்லை. மொத்தமே இரண்டு பக்கம். யாருக்கும் வரக்கூடிய சிக்கல்தானாம், கவனக்குறைவே இல்லையாம். மூன்றாம் பத்தியில் என் அம்மாவை ‘ஹிஸ்’ என்று ஆம்பிளையாக்கியிருந்தது. வேறு யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், வேறென்ன?

எங்கள் வக்கீல் எழுத்து மூலம் கேள்விகள் அனுப்பினார். முதல் கேள்வியே, எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தீர்கள் என்பதுதான். டிஸ்சார்ஜ் சம்மரி என்று பதில் வந்தது. நர்ஸ் சார்ட்டை அவர் தொடவே இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி 11 மணி, 2 மணி, 4.30 மணி என்று காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறிக்கொண்டே போவது அதில் நீல மையில் இருக்கிறது. மூன்றுக்கும் பக்கத்தில் ‘டாக்டர் இன்ஃபார்ம்டு’. விடியும்வரை யாரும் வந்து பார்க்கவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிவைத்த அந்த நர்ஸ் பிள்ளை நல்லா இருக்கணும்.

ஆணையம் அவர் கருத்தை ஏற்கவில்லை. சரி, ஆனால் அவருக்கு என்ன ஆனது? ஒன்றும் இல்லை. அடுத்த கேஸுக்கும் எழுதத்தானே போகிறார்?

பாளை குமாஸ்தா:
அண்ணாச்சி, அப்படி விட்டுவிடாதீங்க. மருத்துவர்களுக்கான 2002 ஒழுக்க விதிகளில் 7.7 என்று ஒன்று இருக்கிறது. பொய்யான, திசைதிருப்புகிற அறிக்கையில் கையெழுத்துப் போட்ட டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்க அதில் இடம் உண்டு. பிரமாணப் பத்திரமும் அப்படிப்பட்ட அறிக்கைதான் என்று சொல்லி, கேள்வி பதில் நகலோடு மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்க. அமெரிக்காவில் நரம்பு அறுவை மருத்துவர் சங்கம் ஒன்று, முறையில்லாமல் சாட்சி சொன்ன உறுப்பினரை ஆறு மாதம் விலக்கி வைத்தது. அவர் வழக்குப் போட்டார். 2001-ல் அப்பீல் கோர்ட் சங்கத்தின் பக்கம்தான் நின்றது. அப்புறம், மற்றவர்களுக்காக ஒன்று: கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி ஆவணங்களைத் தரணும். அதுவும் அதே 2002 விதிதான். முதலில் அதை வாங்கிவிடுங்க.

சேரன்மகாதேவி மதினி:
எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிர். என் கொழுந்தன் டாக்டர். பிரசவ கேஸ் ஒன்றில் அவர் மேல் கிரிமினல் புகார் வந்தது. இந்த மாதிரி புகாருக்கு இன்னொரு டாக்டரின் நம்பகமான கருத்து வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2005-லேயே சொல்லியிருக்கிறது. அந்தக் கருத்தைக் கொடுத்தவரோ பிரசவம் பார்த்தே வருஷக்கணக்கானவர். அந்த ஒரு தாளை வைத்துக் கொழுந்தன் ஒன்றரை வருஷம் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தார். ராத்திரி போன் அடித்தாலே அத்தை நடுங்குவாங்க. கடைசியில் விடுவித்தார்கள். கருத்துக் கொடுத்தவரை ஒருத்தரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அம்பைக்காரன்:
மதினி, உங்கள் கொழுந்தன் பட்டதும் அநியாயம்தான். குமாஸ்தா அண்ணாச்சி சொன்னபடி புகார் எழுதிவிட்டேன். ‘ஹிஸ்’ வருகிற பக்கத்தை மேலே வைத்து, நர்ஸ் சார்ட்டைக் கீழே வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப வேண்டாம், நேரிலேயே கொடுப்போம், நானும் வருகிறேன் என்கிறாள் அம்மா. வியாழக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டாச்சு.