தூத்துக்குடியில் ஒன்றரை நாள்: அம்மா, பையனோடு எங்கே போகலாம்?

கோவை மல்லி:
வைகாசி கடைசியில் தூத்துக்குடியில் சொந்தக்காரக் கல்யாணம். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டோடு எங்கள் வேலை முடிந்துவிடும். வெள்ளி இரவு ஊருக்குக் கிளம்பணும். என்னோடு 72 வயது அம்மா (முழங்கால் வலி), நாலாம் வகுப்புப் பையன். அம்மா திருச்செந்தூர் போதும் என்கிறார். பையனுக்குக் கப்பல் பார்க்கணும். எனக்கு, முத்துநகர் என்கிறார்களே, நல்ல முத்து வாங்கணும். கார் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

ஊர்சுற்றி77:
தூத்துக்குடியில் பார்க்க ஒன்றும் இல்லைங்க. காலையில் திருச்செந்தூர், சாயங்காலம் கன்னியாகுமரி, அவ்வளவுதான்.

உப்பளத்தான்:
ஒன்றும் இல்லை என்ற தம்பி ரயிலடியையும் மண்டபத்தையும் மட்டும் பார்த்திருப்பார் போல. மூட்டு வலிக்கார அம்மாவை ஒரே நாளில் கன்னியாகுமரி வரை இழுக்காதீர்கள், தங்கச்சி.

முத்தை முதலில் முடித்துவிடுவோம். இங்கே முத்துக் குளிப்பு நின்று பல பத்து வருஷம் ஆகிறது. பெயர்தான் மிச்சம். கடையில் இருப்பது வெளியூர்ச் சரக்கு, அதைக் கோவையிலேயே வாங்கலாம்.

வியாழன் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பனிமய மாதா கோயிலுக்குப் போங்கள். எங்கள் ஊரில் சர்ச் என்றாலும் கோயில் என்றுதான் சொல்வோம். பனியையே பார்க்காத ஊரில் பனிமய மாதா! இப்போதுள்ள கட்டடம் 1713-இல் எழும்பியது. பெரிய துறைமுகத்துக்குள் சும்மா போனால் விடமாட்டார்கள். பழைய துறைமுகப் பக்கம் பையனுக்குத் தோணியைக் காட்டுங்கள். மரத்தில் செய்த சரக்குத் தோணி, இன்றைக்கும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கல்லும் ஏற்றிப் போகிறது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து, கொழும்புக்குக் கப்பல் விட்ட கதையை அங்கேயே நின்று சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் எழுந்துவிடுங்கள். திருச்செந்தூர் ரோட்டில் முள்ளக்காடு தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். என் அம்மா முப்பது வருஷம் உப்பு வாரினார். இருட்டிலேயே வேலைக்குப் போய்விடுவார், வெயில் ஏறினால் பாத்தியின் வெள்ளை கண்ணைப் பறிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பு அம்பாரங்களை ஓலை போட்டு மூடுவார்கள். நீங்கள் வரும் மாதத்தில் உப்பு நன்றாக விளையும். காரை ஓரமாக நிறுத்தி, அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் நடங்கள். வரப்பு வழுக்கும். சின்ன வயதில் செருப்போடு ஓடி பாத்திக்குள் விழுந்தேன், முழங்கால் சிராய்ப்பில் உப்புத்தண்ணீர் பட்ட எரிச்சல் இன்னும் நினைவிருக்கிறது. போட்டோ எடுப்பதற்கு முன் வேலை செய்கிற பெண்களிடம் கேளுங்கள். அவர்கள் காட்சிப்பொருள் இல்லை.

அப்புறம் திருச்செந்தூர். கூட்டத்தைப் பொறுத்து நேரம் ஆகும். கடலுக்குப் பக்கத்திலேயே குடிக்கிற தண்ணீர் ஊறும் நாழிக்கிணற்றைப் பையன் பார்க்கட்டும். மதியம் எங்காவது அறையில் படுத்துவிட்டு நாலு மணிக்கு மணப்பாடு, அங்கிருந்து 18 கிலோமீட்டர்தான். மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில், கீழே அலை, பக்கத்தில் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. குகைக்கு இறங்கணும், அம்மாவை மேலேயே உட்கார வையுங்கள். பனை ஓலைப் பெட்டி வாங்குவதென்றால் அந்த ஊரில் வாங்குங்கள்.

வல்லநாட்டான்:
அண்ணாச்சி ஆதிச்சநல்லூரை விட்டுவிட்டார். தோண்டிய குழிகளை அப்படியே வைத்து, மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழி. பையன் அசந்துபோவான்.

உப்பளத்தான்:
இடம் அருமைதான், ஆனால் அதே நாளில் வேண்டாம். அம்மாவை நினையுங்கள்.

கோவை மல்லி:
மணப்பாடு முடிவாகிவிட்டது, அண்ணாச்சி. ஆதிச்சநல்லூர் அடுத்த தடவை. இந்த ஊர் இனிப்பு மக்ரூன் எப்போது வாங்கலாம்? அம்மா சுத்த சைவம்.

உப்பளத்தான்:
அய்யோ, அதில் முட்டை வெள்ளைக்கரு உண்டு! முந்திரி, சர்க்கரை, வெள்ளைக்கரு, மூன்றும்தான் மக்ரூன். அம்மாவுக்கு உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக் கொடுங்கள். உங்களுக்கு மக்ரூன் கிளம்பும்போது வாங்குங்கள், டப்பாவை இறுக்கி மூடுங்கள். காற்றுப்பட்டால் நமுத்துவிடும். வழியில் பையன் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கோவை வந்து சேராது.