லண்டன்ல குடி, போதைக்கான குடும்பக் கோர்ட்டால போன ஆக்கள் இருக்கிறியளோ?

எல்லாருக்கும் வணக்கம், என்ர மச்சாளுக்காகக் கேக்கிறன். குடியால அவவின்ர ரெண்டு வயசுப் பிள்ளைய கவுன்சில் ஃபாஸ்டர் வீட்டில, அதாவது வேற வளர்ப்புக் குடும்பத்தில விட்டிருக்கு, கேஸ் 26 கிழமைக்குள்ள முடிக்கோணும் எண்டுறாங்கள். லோயர் இந்தக் குடி, போதைக் கோர்ட்டுக்கு மாறச் சொல்றா, 2008ல இங்கதான் தொடங்கினது, ரெண்டு கிழமைக்கொருக்கா அதே ஜட்ஜோட லோயர் இல்லாம நேர கதைக்கோணுமாம், இடையில குடிச்சிருக்கோ எண்டு டெஸ்டும் எடுப்பினமாம். ஜட்ஜ் எண்டாலே அவவுக்குக் கை நடுங்குது. பிள்ளையப் பாக்க விடுற நாளில விடிய எழும்பிப் புட்டு அவிச்சுக் கொண்டு போறா, அந்தளவு பாசம். ஓம் சொல்லு எண்டுதான் நான் நிக்கிறன், தண்டனை குடுக்கிற கோர்ட் இல்லைத்தானே. இதால போன தாய் தேப்பன் ஆராவது இருந்தா சொல்லுங்கோ, ஜட்ஜோட கதைக்கிற அந்தச் சந்திப்புக்கும் தமிழ் இன்ரப்பிரட்டர் குடுத்தவையோ? குடிய விட ஆலோசனை சொல்ற, தமிழ்ல கதைக்கிற கவுன்சிலர் தெரிஞ்சாலும் இன்பாக்ஸ்ல போடுங்கோ, உங்கட பேர் வெளிய வராது.