பேஜ்மேக்கர் ஓடும் விண்டோஸ் 7 கணினி: 10-க்குப் போகலாமா, 11-க்குப் போகலாமா, அப்படியே விடலாமா?

காவிரிக்கரை_டிடிபி:

வணக்கம் நண்பர்களே. டிடிபி வேலை முழுக்க ஒரே கணினியில் நடக்கிறது. ஐ3 4130, எச்81 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7 புரொஃபெஷனல், 32 பிட். பக்கம் அடுக்கும் பேஜ்மேக்கர் 7.0, ஃபோட்டோஷாப் 7, பாமினி மற்றும் டேப் வகை பழைய (யுனிகோட் அல்லாத) தமிழ் எழுத்துருக்கள், டாங்கிள் செருகினால் மட்டும் திறக்கும் ஒரு தமிழ் மென்பொருள், ஒரு பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனர். பத்திரிகை, நோட்டீஸ், விழா மலர், பில் புக் எல்லாமே பேஜ்மேக்கர் கோப்புதான். பழைய வாடிக்கையாளர் "போன வருசம் அடிச்ச அதே மேட்டர், தேதி மட்டும் மாத்துங்க" என்று வந்தால் அந்தக் கோப்பு அப்படியே திறந்தாக வேண்டும்.

குரோம் 109-லேயே நின்றுவிட்டது. பேங்க், ஜிஎஸ்டி தளங்கள் முரண்டு பிடிக்கின்றன. சர்வீஸ் செய்பவர் "ஃபார்மட் பண்ணி 11 போட்டுடலாம்" என்கிறார். இந்தக் கணினியில் 11 ஓடுமா? ஓடினால் பேஜ்மேக்கர் என்ன ஆகும்? 10 போதுமா?

எஸ்எம்பிஎஸ்:

முதலில் ஃபார்மட்டை நிறுத்துங்கள். அந்த டிஸ்கில் இருப்பது கோப்புகள் மட்டுமல்ல. எழுத்துருக்களின் சரியான பதிப்பு, பிரிண்டர் டிரைவர், டாங்கிள் டிரைவர் எல்லாம் சேர்ந்துதான் உங்கள் பக்கம் இன்று சரியாக வருகிறது. அதைக் கலைத்துவிட்டு மறுபடி அதேபோல் அடுக்குவது பெரும்பாடு.

விண்டோஸ் 11-க்கு 8-ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கு மேல், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் ஏற்றும் அமைப்பு) வேண்டும். உங்களுடையது 4-ஆம் தலைமுறை, கணக்கில் வராது. பூட் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் வைத்து இந்தச் சோதனைகளைத் தாண்டி ஏற்றிவிட முடியும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு கேட்கிற எஸ்எஸ்இ 4.2 என்ற கட்டளைத் தொகுப்பு உங்கள் சிப்பில் இருப்பதால் ஓடவும் செய்யும். ஆனால் இப்படி ஏற்றிய கணினிக்கு அடுத்த வருடப் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம். பிழைப்பு நடத்தும் கணினியில் இந்த வேலை வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 22எச்2 பதிப்பில் இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்காக 4-ஆம் தலைமுறை போர்டில் காசு போடுவது வீண். விண்டோஸ் 7 சாவியை வைத்து 10-ஐ இலவசமாக ஆக்டிவேட் செய்யும் வழியும் 2023-இல் அடைக்கப்பட்டுவிட்டது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மேலேற்றமாகவும் போக முடியாது. எப்படியும் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும்.

என் யோசனை: இணைய வேலைக்கு ஒரு ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் டெஸ்க்டாப் வாங்குங்கள். ஐ5 8500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் தாராளம். கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கம், டிஜிட்டல் லைசென்ஸ் என்று காட்ட வேண்டும். இன்னொன்று, டிபிஎம் 2.0 என்று வருகிறதா. வரவில்லை என்றால் பயாஸில் இன்டெல் பிடிடி (சிப்புக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்) அணைந்திருக்கும், ஆன் செய்தால் போதும்.

பழைய கணினியை மேம்படுத்தாதீர்கள், காப்பாற்றுங்கள். டிஸ்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கள். கடைசிப் பத்தியில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, இன்றே நகல் எடுங்கள். சரியாக இருந்தாலும் எஸ்எஸ்டிக்கு குளோன் செய்துவிடுவது நல்லது. குளோன்ஸில்லாவை பென்டிரைவில் பூட் செய்து டிஸ்கிலிருந்து டிஸ்குக்கு நகலெடுக்கலாம். ஆனால் 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிவிடாதீர்கள். மூல டிஸ்கைவிட இலக்கு சிறியதாக இருந்தால் குளோன்ஸில்லா மறுத்துவிடும், உள்ளே பாதி காலியாக இருந்தாலும்கூட. 512 ஜிபி வாங்கினால் தொல்லை இல்லை. எச்81 போர்டில் சாட்டா போர்ட் எல்லாம் ஒரே வேகம் கிடையாது, இரண்டு மட்டுமே வினாடிக்கு 6 கிகாபிட் வேகம். எஸ்எஸ்டியை அதில் ஒன்றில் செருகுங்கள். பழைய டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதி, எடுத்து வையுங்கள்.

பக்கக்கோப்பு:

மேலே சொன்னது சரி. ஆனால் பேஜ்மேக்கர் 7.0 விண்டோஸ் 10, 11-இல் ஓடாது என்று யாரும் பயப்பட வேண்டாம். அது 32 பிட் மென்பொருள், 64 பிட் விண்டோஸ் அதை ஏற்கும். 16 பிட் மென்பொருள்தான் 64 பிட்டில் அறவே திறக்காது, 16 பிட் நிறுவிகளும் பெரும்பாலும் திறக்காது. புதிய கணினியிலும் ஒரு பேஜ்மேக்கர் வைத்துக்கொள்ள நினைத்தால் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை.

எழுத்துரு. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலிருந்து, எழுத்துருக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் அது அந்தப் பயனருக்கு மட்டுமான ஃபோல்டருக்குப் போகிறது. பழைய மென்பொருள்கள் அங்கே பார்ப்பதே இல்லை. வேர்டில் பாமினி தெரியும், பேஜ்மேக்கர் பட்டியலில் இருக்காது. கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுத்தால்தான் சி டிரைவின் விண்டோஸ் ஃபாண்ட்ஸ் ஃபோல்டருக்குப் போகும். எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் இல்லாத எழுத்துருவுக்குப் பதில் எதைப் போடலாம் என்று கேட்கும் பனோஸ் மாற்றுப் பட்டியல் ஒன்று வரும். அதில் பெர்மனென்ட் என்பதைத் தொடவே வேண்டாம். டெம்பரரியிலேயே விட்டு, சேமிக்காமல் மூடி, எழுத்துருவைப் போட்டபின் மறுபடி திறங்கள்.

மொழி அமைப்பு. பாமினி, டேப் போன்றவை எட்டு பிட் எழுத்துருக்கள், 128-க்கு மேலுள்ள இடங்களையும் பயன்படுத்துபவை. ரீஜன் அமைப்பில், யுனிகோட் அல்லாத மென்பொருளுக்கான மொழி ஆங்கிலம் (அமெரிக்கா) என்றே இருக்கட்டும். அதே பெட்டியில் யுடிஎஃப்-8 பீட்டா என்று ஒரு டிக் இருக்கும், அது போடப்படாமல் இருக்க வேண்டும். போட்டால் பாதி எழுத்து கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ மாறும்.

விசைப்பலகை. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பேஜ்மேக்கர் தன் ஃபோல்டருக்குள்ளேயே அமைப்புக் கோப்புகளை எழுதும் பழக்கம் உள்ளது. புரோகிராம் ஃபைல்ஸில் அதற்கு அனுமதி இல்லை. அதனால் எல்லோரும் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறக்கிறார்கள். திறந்ததும் அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வேலை செய்யாது, ஆங்கிலம்தான் விழும். மென்பொருள் கெட்டுவிட்டது என்று அழித்து அழித்து ஏற்றுவார்கள். காரணம் வேறு: அட்மின் உரிமையில் ஓடும் சாளரத்தின் விசைகளை, சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருள் இடைமறிக்க விண்டோஸ் விடாது. விசைப்பலகை மென்பொருளையும் அட்மினாகவே திறக்கலாம். அதைவிட நல்லது, பேஜ்மேக்கரை சி டிரைவில் தனி ஃபோல்டரில் நிறுவி, அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டியில் யூசர்ஸுக்கு மாடிஃபை அனுமதி கொடுத்துவிடுவது. பிறகு இரண்டும் சாதாரண உரிமையிலேயே ஓடும்.

பிரிண்டர். டாக்குமென்ட் செட்டப்பில் "கம்போஸ் டு பிரிண்டர்" என்று ஒன்று இருக்கிறது. கோப்பு எந்தப் பிரிண்டருக்காக அடுக்கப்பட்டதோ அது இல்லாவிட்டால் வரிகள் ஓடும். நான்கு பக்கப் பத்திரிகையில் ஒரு வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளினாலும் மொத்தமும் போச்சு. கோப்பைத் திறக்கும் முன் அதே பிரிண்டர் டிரைவரை நிறுவுங்கள். மாற்றுவதாக இருந்தால் பழைய அச்சுப்படியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.

வேர்டு கோப்புகளில் லதா எழுத்துரு இருந்தால் இன்னொன்று. விண்டோஸ் 10 முதல் லதா, விஜயா இரண்டும் தானாக வருவதில்லை, நிர்மலா யுஐ வந்து உட்காரும், பக்கம் நீளும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் "தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்" சேர்த்தால் இரண்டும் வந்துவிடும்.

காவிரிக்கரை_டிடிபி:

மிக்க நன்றி. டாங்கிள் மென்பொருளுக்கும் ஸ்கேனருக்கும் 64 பிட் டிரைவர் கிடைக்கவில்லை. பழைய கணினி போர்டே போய்விட்டால் என்ன செய்வது? விண்டோஸ் 7-ஐ அப்படியே புதிய கணினிக்குள் வைக்க முடியும் என்கிறார்களே, அது நடக்குமா?

விர்ச்சுவல்_வாசல்:

நடக்கும். ரேம் மட்டும் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. குளோன் செய்தபின் கழற்றி வைத்த பழைய டிஸ்கை புதிய கணினியில் சாட்டா-யுஎஸ்பி கேபிள் வழியாக இணைத்து, மைக்ரோசாஃப்ட் தரும் டிஸ்க்2விஎச்டி மூலம் படிமமாக எடுங்கள். சி பகுதியோடு "சிஸ்டம் ரிசர்வ்டு" என்ற சிறு பகுதியையும் டிக் செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் பூட் ஆகாது. விஎச்டிஎக்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள், சாதாரண விஎச்டியே போதும்.

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் விண்டோஸ் 7 32 பிட் என்று புது மெஷின் உருவாக்கி 2 ஜிபி ரேம் கொடுத்து, இஎஃப்ஐ அணைத்து, அந்தப் படிமத்தை இணையுங்கள். முதல் முறை நீலத் திரையில் 0x0000007பி வந்தால் படிமம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய பயாஸில் டிஸ்க் ஐடிஇ முறையில் இருந்திருக்கும், நீங்கள் சாட்டா கன்ட்ரோலரில் இணைத்திருப்பீர்கள், அல்லது தலைகீழாக. கன்ட்ரோலரை மாற்றி இணைத்தால் எழும். வன்பொருள் மாறியதால் விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். கணினியோடு வந்த ஓஇஎம் சாவியாக இருந்தால் அது அந்தக் கணினிக்கு மட்டும் உரியது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஸ்கேனரையும் யுஎஸ்பி டாங்கிளையும் விர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி ஃபில்டரில் சேர்த்தால் நேரே விண்டோஸ் 7-க்குப் போய்விடும், வெளியே 64 பிட் டிரைவர் தேவையே இல்லை. கன்ட்ரோலராக யுஎஸ்பி 2.0 தேர்ந்தெடுங்கள். 3.0 கொடுத்தால் விண்டோஸ் 7-இல் அதற்கான டிரைவர் கிடையாது, எதுவும் தெரியாது. பழைய பிரிண்டர் (பேரலல்) போர்ட்டில் செருகும் டாங்கிள் என்றால் இந்த வழி உதவாது. பழைய கணினி நன்றாக ஓடும்போதே இதையெல்லாம் செய்து, டாங்கிளைச் செருகி ஒரு கோப்பைத் திறந்து அச்செடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்:

இரண்டு கணினியும் பேசிக்கொள்ளும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பழையதை ரவுட்டரிலிருந்து பிடுங்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு லேன் கேபிள். 192.168.50.1, 192.168.50.2 என்று நிலையான எண்கள், சப்நெட் 255.255.255.0, கேட்வே பெட்டி காலி. விண்டோஸ் 7 இணையத்தை எட்டாது.

ஷேர் ஃபோல்டரைப் புதிய கணினியில் வையுங்கள், பழையது அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். மறுதிசையில் வேண்டாம். விண்டோஸ் 7-இன் ஃபயர்வாலில் உள்வரும் இணைப்பு எல்லாவற்றையும் தடுத்துவிடலாம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை பரவியது இந்த ஃபைல் ஷேரிங் ஓட்டை வழியாகத்தான். அதற்கான திருத்தம் அந்த மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாத கணினிகள் மாட்டின.

விண்டோஸ் 11-இல் பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் வேலைக்கு ஆகாது, 24எச்2 புரோ கையொப்பமிட்ட இணைப்பையே கேட்கும். விண்டோஸ் 7-க்கு அது தெரியும், ஆனால் பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பின் எண் இங்கே செல்லாது. புதிய கணினியில் ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி அந்தப் பெயரில் இணையுங்கள். வாடிக்கையாளர் தரும் பென்டிரைவ் எதுவானாலும் புதிய கணினியில் மட்டும் செருகுங்கள், ஸ்கேன் ஆன பிறகு ஷேர் ஃபோல்டருக்குப் போகட்டும்.

பக்கக்கோப்பு:

பழைய கோப்புகள் பற்றி ஒன்று விட்டுப்போனது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வரும் வேலைகளை மட்டும் எடுங்கள். அடோபியின் பக்க அடுக்கு மென்பொருளான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரை பேஜ்மேக்கர் 6.0 முதல் 7 வரையான கோப்புகளைத் திறக்கும், சிசி பதிப்புகள் திறக்காது. லிப்ரே ஆபீஸ் டிராவும் திறக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் உரையை எடுக்கவும் அது போதும், அடுக்குமுறையை நம்ப வேண்டாம்.

உரையை எழுத்துரு மாற்றியான என்எச்எம் கன்வர்ட்டரில் யுனிகோடாக மாற்றும்போது முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். நடுவே ஆங்கில எழுத்துருவில் இருக்கும் ஃபோன் விவரம், மின்னஞ்சல், ஆங்கிலப் பெயர் எல்லாவற்றையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிடும். ஆங்கிலப் பகுதிகளைப் பிரித்துவிட்டுத் தமிழை மட்டும் கொடுங்கள். இன்டிசைனில் ஒட்டியபின் பாரா கம்போசரை "வேர்ல்ட்-ரெடி" என்று மாற்றாவிட்டால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். மாற்றியதும் முதலில் பார்க்க வேண்டியவை கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ. அவை சரியாக இருந்தால் பிடிஎஃப் எடுத்து, 100 சதவீத அளவில் அச்சிட்டுப் பழைய படியின் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.