இஎஸ்பி32: வைஃபை ஆன் பண்ணியதும் மண் ஈர சென்சார் 4095-லேயே நிற்கிறது, அவசரம்

ஈரமண்:
வெள்ளிக்கிழமை ரெவ்யூ. மண் காய்ந்தால் மோட்டார் ஓடி, போனில் ஈர அளவு தெரிய வேண்டும், அதுதான் ப்ராஜெக்ட், வைஃபை உள்ள இஎஸ்பி32 சிப் போர்டில் செய்கிறேன். சென்சாரை மட்டும் ஓட்டினால் ரீடிங் சரியாக வருகிறது. வைஃபைக்கான புரோகிராம் கோடைச் சேர்த்ததும் உச்ச எண்ணான 4095-லேயே நிற்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் மாறவில்லை. மோட்டார் ஆன் ஆனதும் போர்டு ரீசெட் ஆகிறது. போர்டு போய்விட்டதா? புதிதாக வாங்க சென்னை ரிச்சி தெரு போகணுமா?

ரிலே_ராஜா:
எந்த போர்டு? சென்சார் எந்தப் பின்னில்? மோட்டாருக்கு சப்ளை எங்கிருந்து? கோடும் இல்லை, வயரிங் படமும் இல்லை, இதை வைத்து என்ன சொல்வது.

சால்டர்புகை:
சப்ளைதான் ப்ரோ, சந்தேகமே வேண்டாம். வைஃபை சிக்னல் அனுப்பும் நொடியில் இந்தச் சிப் சட்டென்று கரண்ட் இழுக்கும், மெல்லிய யூஎஸ்பி கேபிள் தாங்காது. கேபிளை மாற்றி, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 470 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று போடுங்கள்.

ரிலே_ராஜா:
சப்ளை படுத்தால் போர்டு ரீசெட் ஆகும், சரி. ரீடிங் மட்டும் ஏன் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்?

பழைய_ஏவிஆர்:
டேட்டாஷீட்டைத் திறக்காமல் கோடை ஒட்டும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் இதே கேள்வி. ஒரு செடிக்குத் தண்ணீர் விட இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ் எதற்கு? ஆர்டுயினோ ஊனோ போர்டு போதும். அதன் சிப் ஏடிமெகா328பி-யை ஒழுங்காகப் படித்துவிட்டு அப்புறம் வைஃபை பக்கம் வாருங்கள்.

செம்மறி_லேப்:
சார், ரீடிங் போனில் தெரிய வேண்டும் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாரே. சாதா ஊனோவில் வைஃபை கிடையாது, தனி மாட்யூல் சேர்த்தால் இன்னும் நாலு வயர், இன்னும் நாலு தலைவலி. 2 கேபி ரேமில் எவ்வளவு கோடு எழுதுவார்?

பழைய_ஏவிஆர்:
2 கேபியில் எத்தனையோ தொழிற்சாலைக் கருவிகள் ஓடியிருக்கின்றன. ரேம் போதாது என்பவருக்குக் கோடு எழுதத் தெரியாது என்று பொருள். ஊனோ 5 வோல்ட் போர்டு, பின்னில் தெரியாமல் 5 வோல்ட் கொடுத்தாலும் தாங்கும். இஎஸ்பி32 பின் 3.3-க்கு மேல் தாங்காது. கற்றுக்கொள்கிறவனுக்கு எது நல்லது?

செம்மறி_லேப்:
அந்த 5 வோல்ட் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெவ்யூவுக்கு முந்தின வாரம் போர்டை மாற்றச் சொல்வது உதவி இல்லை சார்.

ஈரமண்:
மன்னிக்கவும், கிளாஸில் இருந்தேன். இஎஸ்பி32-இன் 30 பின் டெவ்கிட் போர்டு. சென்சார் டி26 பின்னில். இரண்டு முள் உள்ள சென்சார், சப்ளை போர்டின் 5 வோல்ட் பின்னான விஐஎன்னில் இருந்து. மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் ரிலே, மோட்டார் எல்லாம் அதே விஐஎன்தான். பவர் லேப்டாப் யூஎஸ்பி.

ரிலே_ராஜா:
டி26! அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். இஎஸ்பி32-க்குள் இரண்டு ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) உண்டு. 25, 26, 27, 4, 12 முதல் 15 வரையுள்ள பின்கள் எல்லாம் ஏடிசி2, வைஃபை ஓடும்போது அது வைஃபையின் கையில், உங்கள் அனலாக் ரீடுக்குக் கிடைக்காது. 32 முதல் 39 வரை ஏடிசி1, அங்கே இந்தத் தொல்லை இல்லை. சென்சார் வயரை 34-க்கு மாற்றி, கோடில் எண்ணையும் மாற்றுங்கள். 34 இன்புட் மட்டும்தான், ரிலேயை அதில் மாட்டாதீர்கள். போர்டு போகவில்லை, புதிது வாங்க வேண்டாம்.

இன்னொன்று, சென்சாருக்கு விஐஎன் வேண்டாம், 3.3-இல் இருந்து கொடுங்கள். மண் காய்ந்திருக்கும்போது அதன் அனலாக் முனை சப்ளை அளவுக்கே ஏறும், 5 வோல்ட் நேராகப் பின்னில் விழும். பழைய_ஏவிஆர் சொன்னதில் அது முழுக்கச் சரி. மோட்டாருக்குத் தனி அடாப்டர், ரிலேயின் காண்டாக்ட் வழியாக. மோட்டார் முனைகளில் ஒரு 1என்4007 டையோடு, பட்டை போட்ட பக்கம் பாசிட்டிவுக்கு.

சால்டர்புகை:
ரீசெட்டுக்குக் காரணம் சப்ளைதான் என்று நான் முதலிலேயே சொன்னேன். லேப்டாப்பில் போர்டின் செய்திகள் வரும் சீரியல் மானிட்டரில் பிரவுன்அவுட் (வோல்ட்டேஜ் இறங்கிவிட்டது) என்று வருகிறதா பாருங்கள்.

செம்மறி_லேப்:
அந்த முள் சென்சார் எப்போதும் ஆனில் இருந்தால் சீக்கிரம் அரித்துப்போகும். ரீடிங் எடுக்கும்போது மட்டும் பவர் கொடுங்கள், முடிந்தால் உலோகம் மண்ணில் படாத கெபாசிட்டிவ் சென்சார் வாங்குங்கள்.

ஈரமண்:
34-க்கு மாற்றினேன், வைஃபையோடு ரீடிங் வருகிறது. சென்சாரும் 3.3-க்கு மாற்றியாச்சு. அடாப்டர் நாளைக்கு. ரொம்ப நன்றி அண்ணா.

பழைய_ஏவிஆர்:
ஊனோவில் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

ரிலே_ராஜா:
ஈரமண், அடாப்டர் போட்ட பிறகும் ரீசெட் ஆனால் ரிலே மாட்யூலின் படம் போடுங்கள், அதில் ஜேடி-விசிசி ஜம்பர் (ரிலேயின் சப்ளையைத் தனியாகப் பிரிக்க உதவும் சின்ன இணைப்பு) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.